ஒரு நாள் விட்டு ஒரு நாள்

அன்றைக்கு நாற்றுப் பண்ணையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது; அதில் சென்னப்பன் உட்கார்ந்திருந்தார். வயதில் மூத்தவர், கூட்டத்தைக் கூட்டியவரும் அவரே என்பதால் நாற்காலிக்குப் போட்டி வரவில்லை. அவர் மனைவி தீர்த்தம்மாள் தென்னை நார்க்கழிவு மூட்டை ஒன்றைச் சாய்த்துப் போட்டு, புடவை அழுக்காகாமல் மேலே செய்தித்தாளை விரித்து அமர்ந்திருந்தாள். சுமலதாவுக்குக் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டி. பண்ணையில் விதை ஊன்றும் வேடியப்பன் தண்ணீர்க் குழாய் ஓரமாகக் குந்தியிருந்தான்; அவனை இருக்கச் சொன்னவரும் இல்லை, போகச் சொன்னவரும் இல்லை. இவர்கள் நாலு பேருக்கும் எதிரே, மிளகாய் நாற்றுத் தட்டுகளை அடுக்கியிருந்த மேடையின் விளிம்பில் கதிரவன் இருந்தான். பண்ணை அவனுடையது. சென்னப்பனின் தம்பி, சுமலதாவின் கணவன். கூட்டம் அவனைப் பற்றியதுதான்.

மேலே கட்டியிருந்த பச்சை வலையில் வெயில் வடிந்து இறங்கி எல்லார் முகத்தையும் லேசாகப் பச்சையாக்கியிருந்தது. கதிரவன் அண்ணனையும் பார்க்காமல் பெண்டாட்டியையும் பார்க்காமல், நடுவில் நின்ற இரும்புக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வீம்பு இல்லை. கண்ணை இப்படியும் அப்படியும் திருப்பினால் தலைக்குள் சுளீரென்று ஒன்று வெட்டியது. ஈரக் கையோடு மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொட்டவனுக்குத்தான் அது புரியும். வலி என்று சொல்ல முடியாது. ஒரு நொடி உலகம் அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நொடிக்குப் பயந்து மனிதன் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

“நான் சுத்தி வளைக்கலடா கதிரு,” என்று ஆரம்பித்தார் சென்னப்பன். “ஓசூர் கம்பெனிக்காரன் மூணு வருசத்துக்குக் குத்தகைக்குக் கேக்கறான். நீ இங்கியே மேற்பார்வை பாத்துக்கிட்டு இருக்கலாம். முடியலன்னா வூட்ல இருக்கலாம். ஆடி முடியறதுக்குள்ள எழுத்துல பதில் வேணுமாம். போன்ல சொன்னா செல்லாதாம். பாலக்கோட்ல கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்து அடிச்சே கொண்டாந்துட்டேன். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

“கேக்கறதுக்கு முன்னாடியே அடிச்சிட்டீங்களா மாமா?” என்றாள் சுமலதா.

“வியாழக்கெழம நடந்ததப் பாத்தப்பறம் என்னம்மா கேக்கச் சொல்ற?”

வியாழக்கிழமை நடந்தது எல்லாருக்கும் தெரியும். நாற்று வாங்க வந்த ஒரு விவசாயி, ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்து, “என்னங்க, இது குட்டையா இருக்குது?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். வாங்குகிறவன் கேட்காமல் யார் கேட்பார்கள்? கதிரவன் அந்தத் தட்டைப் பிடுங்கி வலைக்கு வெளியே வீசினான். வீசிவிட்டு, வந்தவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்து அழுதான். வந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைப் போட்டுக்கொள்ளாமலே வண்டி ஏறிவிட்டார். செருப்பு இன்னும் வாசலில் கிடந்தது.

“போன தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு,” என்றார் சென்னப்பன். குரல் இறங்கியது. “மோட்டார் ரூம் கதவ ஒடச்சி இவனைக் கூட்டியாந்தவன் நானு. உங்களுக்கெல்லாம் அது கதை. எனக்கு அது தோள்பட்டையில இருக்குது.”

அது இரண்டு வருடத்துக்கு முந்தின கதை. காரணம் என்று விரல் நீட்டிக் காட்ட ஒன்றுமில்லாமல் கதிரவன் கட்டிலில் படுத்தான், எழுந்திருக்கவில்லை. தட்டுத் தட்டாக நாற்று காய்ந்தது. அவனுக்கு அது யாருடைய நாற்றோ என்றிருந்தது. ஒரு நாள் எழுந்து போய் மோட்டார் ரூமுக்குள் தாழ் போட்டுக்கொண்டான். கதவு உடைந்த மறுநாள் சுமலதா அவனைத் தர்மபுரிக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டினாள். மாத்திரை சாப்பிட்டான். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில், காபியில் சர்க்கரை போதவில்லை என்று சொன்னான். அன்றைக்கு சுமலதா சமையலறையில் நின்று அழுதது அவனுக்குத் தெரியாது. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்து பழைய மனிதன் ஆனான். ஆகி ஒரு வருடத்துக்கு மேலாயிற்று.

இப்போது மறுபடியும்.

கதிரவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. அதுதான் அவனுக்குள் இருந்த பெரிய பயம். அண்ணன் அவசரப்படுகிறார் என்று அவன் நினைக்கவில்லை. அண்ணன் சொல்வது சரிதானோ என்றுதான் நினைத்தான். காய்ந்த நாற்றை இன்னொரு தடவை பார்ப்பதைவிட, நல்ல நாற்றாக இருக்கும்போதே வேறு கைக்குக் கொடுத்துவிடலாம்.

“பேனா இருக்குதாண்ணா?” என்றான்.

சென்னப்பன் சட்டைப்பையைத் தொட்டார். சுமலதா எழுந்துவிட்டாள்.

“இருங்க. இந்தத் தலையில வெட்டறது, போன தடவ இருந்துச்சா?”

“இல்ல. இது புதுசு.”

“மாத்திரைய ஒழுங்காப் போடறீங்கதானே? கொறைக்கச் சொல்லியிருக்காங்கன்னு சொன்னீங்களே.”

“கொறைச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். நம்ம முறையிலதான்.” கம்பத்தைப் பார்த்தபடியே கதிரவன் சொன்னான். அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “நாத்த வயலுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி என்ன பண்றோம்? தண்ணிய ஒரு நாளு வுடறோம், ஒரு நாளு நிறுத்தறோம். தண்டு கெட்டிப்படுது. வெயிலுக்குப் போனாலும் தலை சாயாது. அதே மாதிரி மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடறேன். கணக்குப் பாத்தா பாதியாக் கொறஞ்சிருக்கு. மனுசனும் கெட்டிப்படணும் இல்ல?”

பண்ணையில் இருந்த எல்லாருக்கும் இது நியாயமாகவே பட்டது. நாற்று வளர்க்கிற இடத்தில் இதைவிட நல்ல யோசனை என்ன இருக்க முடியும்? வேடியப்பன் குழாயடியிலிருந்தே தலையாட்டினான். “அது சரிதான் ஓனரு. ஒரேடியா நிறுத்துனாத்தான் வாடும்,” என்றான். சென்னப்பன்கூட, “முறையாத்தான் பண்ணியிருக்கான்,” என்று ஒப்புக்கொண்டார். அவர் பயம் அதனால் இன்னும் கூடியது: முறையாகக் குறைத்தும் இப்படி என்றால், வியாதி திரும்பிவிட்டது என்றுதானே அர்த்தம்?

தீர்த்தம்மாள் மட்டும் மூட்டை மேல் அசைந்து உட்கார்ந்தாள். “என்னமோ போங்க. கொழுந்தனாரு ஒரு நாளு சிரிக்கறாரு, ஒரு நாளு சீறறாரு. நேத்து வூட்டுக்கு வந்து எங்கிட்ட நாலு கிண்டல் பண்ணிட்டுப் போனாரு. இன்னிக்கு கம்பத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு. நான் இவரைப் பாக்கணும்னா எந்த நாளுன்னு பாத்து வரணும்போல.”

சுமலதா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

“இன்னிக்குப் போடற நாளா, போடாத நாளா?”

கதிரவன் யோசித்தான். “போடாத நாளு.”

“வியாழக்கெழம?”

அவன் கண்ணை மூடி, விரலை மடக்கி, பின்னால் எண்ணிக்கொண்டே போனான்.

“அதுவும் போடாத நாளு.”

“மனசு வியாதி வாய்க்கால் தண்ணி மாதிரி முறை வெச்சா வரும்?” என்றாள் சுமலதா. “கையெழுத்து அப்பறம் பாத்துக்கலாம் மாமா. நாளைக்கு தர்மபுரி போறோம்.”

“போகணும்னா போங்க. டாக்டரம்மா வந்து தட்டு தூக்கப் போறாங்களா? கம்பெனிக்காரன் காத்துக்கிட்டு இருக்க மாட்டான்.”

“போன தடவ நாத்தையெல்லாம் காய வுட்டவன் நான்தானே...” என்று கதிரவன் எதையோ தொடங்கினான்.

கோபம் வந்தால் சுமலதாவுக்கு ராயக்கோட்டைப் பக்கத்துத் தாய்வீட்டுக் கன்னடம் வந்துவிடும். “சும்னிரி!” என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அந்த வீட்டில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுநாள், காலையில் போட்ட மாத்திரை வேலை செய்யத் தொடங்குமுன்பே ஏறிய பஸ்ஸில் கதிரவனுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அதுதான் தப்பாகப் போயிற்று. ஓடுகிற புளியமரங்களைக் கண் தானாகப் பிடித்துப் பிடித்து விட, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வெட்டு. பாலக்கோடு வருவதற்குள் வேர்த்துவிட்டது. முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். சுமலதா அவன் முதுகில் கை வைத்திருந்தாள். தேய்க்கவில்லை, தட்டவில்லை, வெறுமே வைத்திருந்தாள். பக்கத்து சீட்டு அம்மா, “வாந்தி வருதா? எலுமிச்சம்பழம் இருக்குது, மோந்து பாக்கச் சொல்லு,” என்று பையைத் துழாவினாள். வாங்கி மோந்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் நன்றாயிருந்தது.

டாக்டர் பாரதிக்கு ஐம்பது வயதிருக்கும். கதிரவன் சொல்வதை இடையில் மறிக்காமல் கேட்டார். நாற்றுக்குத் தண்ணீர் விடுகிற முறையை அவன் விளக்கியபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் அடுத்த தடவை வாங்க, சின்ன மாத்திரை எழுதித் தரேன்னு சொல்லியிருந்தேனே?”

“சீசனுங்க. அதுவுமில்லாம எங்க ஊரு மெடிக்கல்ல பெரிய மாத்திரைதான் இருக்குது. மொத்தத்துல பாதிதானேன்னு...”

“உங்க நாத்துக்கு ஒரு நாள் தண்ணி விடலைன்னா வேர்கிட்ட என்ன இருக்கும்?”

“ஈரம் இருக்குங்க. நார்க்கழிவு ஈரத்தப் புடிச்சி வெச்சிக்கும்.”

“இந்த மாத்திரை ஒடம்புல அப்படி நிக்காதுங்க. சில மாத்திரை நிக்கும், நாள்கணக்குல நிக்கும். இது நிக்காது. மறுநாளே வறண்டுடும். நீங்க கொறைக்கலை கதிரவன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மொத்தமா நிறுத்திக்கிட்டே இருந்திருக்கீங்க.”

கதிரவனுக்கு உடனே புரிந்தது. படித்தவர் சொன்னதால் இல்லை. காய்ந்த தட்டில் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் ஒட்டாமல் ஓரமாக வழிந்து ஓடுவதை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். அந்தத் தட்டு இப்போது அவன் தலை.

“அப்ப வியாதி திரும்பலீங்களா?”

அவன் தெரிந்துகொள்ள வந்தது அது ஒன்றைத்தான். சுமலதா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

“மாத்திரை கொறஞ்சதால வந்ததுன்னுதான் எனக்குத் தோணுது. தலைக்குள்ள கரண்டு அடிக்கிறது, கிறுகிறுப்பு, வேர்வை, கண்டபடி கனவு, சட்டுனு அழுகை, எரிச்சல். அதுவும் போடாத நாள்ல வந்து போட்ட நாள்ல அடங்குது. ஆனா இன்னிக்கே சத்தியம் பண்ண மாட்டேன். தினமும் போடுங்க. கொஞ்ச நாள்ல இதெல்லாம் அடங்கணும். அடங்கினப்பறமும் மனசு இறங்கிக்கிட்டே போனா, அது வேற விஷயம், அப்ப வேற மாதிரி பாக்கலாம்.” பிறகு அதே குரலில், அதே வேகத்தில் கேட்டார்: “செத்துடலாம்னு தோணுதா?”

“போன தடவ தோணிச்சுங்க. இப்ப இல்லீங்க. இப்ப எரிச்சல்தான் வருது.”

“எரிச்சல் பரவாயில்லை.”

“எங்களுக்குப் பரவாயில்லையா மேடம்?” என்றாள் சுமலதா. டாக்டர் சிரித்துவிட்டார். கதிரவனும் சிரித்தான், சிரிக்கும்போது தலை அசைந்து ஒரு வெட்டு வெட்டியது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரை. சாப்பாடு நேரம் தவறக் கூடாது. தலை சுற்றுகிறவரை பைக்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே எங்கே போனாலும் வேடியப்பன் ஓட்ட, கதிரவன் பின்னால். “ஓனரு பின்னாடி ஒக்காந்தா வண்டிக்கு ஒரு கவுரவந்தான்,” என்பான் வேடியப்பன். சாயங்காலத்து டீயை விட்டான். விடிந்ததும் ஏரிக்கரைவரை நடந்துவிட்டு வந்தான். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்போடு வண்டிமாடு போலத் திரும்பக் கற்றுக்கொண்டான். கனவுகள் பொல்லாதவையாக இருந்தன. ஒரு கனவில் தக்காளியெல்லாம் அவனைப் பெயர் சொல்லி அழைத்தன. எழுந்து சுமலதாவிடம் சொன்னான். “மரியாதையாக் கூப்டுச்சா, இல்ல டேய்னா?” என்று அவள் தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்.

மூடி மறைப்பதை விட்டுவிட்டதுதான் பெரிய மாற்றம். அதற்கு வீட்டிலும் பண்ணையிலும் ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. விவசாயத்துக்கு வருகிற மின்சாரம்போலத்தான்: “இன்னிக்கு கரண்டு எப்படி?” என்று வேடியப்பன் கேட்பான். “த்ரீ பேஸ்” என்றால் வெட்டு பலமாக இருக்கிறது, கிட்டே வந்து கணக்கு வழக்கு பேசாதே என்று பொருள். “சிங்கிள் பேஸ்” என்றால் சமாளிக்கலாம். நாளாக நாளாக சிங்கிள் பேஸ் நாட்கள் கூடின. பிறகு ஒரு நாள் சாயங்காலம், அன்றைக்கு ஒரு வெட்டும் இல்லை என்பது கதிரவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனால் பயம் போகவில்லை. தலை அடங்கினால் போதாது, மனசு என்ன செய்கிறது என்று பார் என்றல்லவா டாக்டர் சொல்லியிருந்தார்? அவன் மனசைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காலையில் எழ ஐந்து நிமிடம் தாமதித்தால், இது சோம்பலா அதுவா? சாப்பாடு ருசிக்கவில்லை என்றால், உப்புக் குறைவா அதுவா? காய்ச்சல் பார்க்கிற கருவிபோல எதையாவது நாக்குக்கடியில் வைத்துப் பார்க்க முடிந்தால் நன்றாயிருக்கும். அப்படி ஒன்று இல்லை.

ஆடி பிறந்ததும் மூன்று நாள் விடாமல் சாரல். நிழல்வலைக்குள் காற்று நகரவில்லை. நாலாம் நாள் காலை சென்னப்பன், பதில் விஷயமாகப் பேச வந்தார். பண்ணை வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே கதிரவன் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

“அந்த வரிசையத் தொடாதடா வேடி! கைய கழுவிட்டு வா மொதல்ல! இது அழுவல் நோயி, ஒன்னுலேருந்து இன்னொன்னுக்குத் தாவும்!”

தக்காளித் தட்டுகள் சிலவற்றில் நாற்றுகள் அடித்தண்டில் நைந்து, ஒடித்துப் போட்டதுபோல் சாய்ந்து கிடந்தன. ஈரத்தில் வருகிற அழுகல். கதிரவன் கெட்ட தட்டுகளைத் தனியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். சுமலதா பக்கவாட்டு வலையைச் சுருட்டிக் காற்றுக்கு வழி விட்டாள். மருந்து கலக்கிய பூவாளியோடு கதிரவன் குனிந்து குனிந்து நிமிர்ந்ததில் கிறுகிறுத்து ஒரு தடவை மேடையைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி குனிந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வேறு வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

“டேய், ஏன்டா அழுவற?” என்றார் சென்னப்பன்.

“நாத்து போயிடுச்சிண்ணா! பாருங்க, நாலு நாள்ல வயலுக்குப் போக வேண்டியது! அழுவாம என்ன பண்றது? சும்மா நிக்காதீங்க, அந்தத் தட்ட வாங்குங்க!”

சென்னப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டை வாங்கினார். மதியம் வரை தட்டுத் தூக்கினார். பதிலைப் பற்றிப் பேசவில்லை. போகும்போது சுமலதாவிடம் மட்டும், “போன தடவ நாத்து காஞ்சப்ப நான் போய்ச் சொன்னேம்மா. ‘ஓ’ன்னான். அவ்வளவுதான். ‘ஓ’ன்னு ஒரு சொல்லு,” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அடுத்த முறை தர்மபுரி போனபோது டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, இனி முறையாகக் குறைக்கலாம் என்றார். சின்ன மாத்திரை, தினமும், ஒரு நாளும் தவறாமல். ஒவ்வொரு படியிலும் சில வாரம் நின்று, உடம்பு பழகியதும் அடுத்த படி. எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டதற்கு, “அவசரப்படற வேலை இல்லை. ஒடம்பு சொல்றதைக் கேட்டுப் போகலாம். இறங்க முடியலைன்னா அந்தப் படியிலயே இன்னும் கொஞ்சம் நிப்போம், அதுல ஒண்ணும் தோல்வி இல்லை,” என்றார். முதல் சில நாள் பழைய வெட்டு லேசாக வரலாம் என்றும் சொன்னார். பக்கத்திலிருந்த மாரண்டஹள்ளி மெடிக்கல்காரரிடம் சொல்லி அந்தச் சின்ன மாத்திரையை வரவழைத்து வைக்கச் சுமலதா ஏற்பாடு செய்தாள்.

சொன்னபடியே வெட்டு வந்தது. முன்போல் இல்லை, ஆனாலும் வந்தது. வந்த மூன்றாம் நாள்தான் கம்பெனிக்குப் பதில் அனுப்பக் கடைசி நாள். சென்னப்பனும் தீர்த்தம்மாளும் சாப்பாட்டு வேளைக்கு வந்தார்கள்.

“கரண்டு எப்படி இருக்குது?” என்றார் சென்னப்பன். அவருக்கும் அந்தப் பேச்சு தொற்றியிருந்தது.

“சிங்கிள் பேஸ். வந்து வந்து போவுது.”

“திரும்ப வந்துடுச்சா!” அவர் முகம் விழுந்துவிட்டது. “கதிரு, நான் ஒண்ணு சொல்றேன். நீ நல்லாத்தான் இருக்க. நான் கண்ணால பாத்தேன். ஆனா இன்னும் மாசக்கணக்குல இறங்கணும்ங்கற. ஒவ்வொரு படிக்கும் இப்படி வெட்டும்ங்கற. பண்ணையும் பாத்து, தலையையும் பாத்து... மூணு வருசம் குடுத்துட்டு நிம்மதியா இறங்குடா. தலை சரியானதும் முடிவெடுன்னு சொல்லலாம்னா கம்பெனிக்காரன் நிக்க மாட்டான்.”

கதிரவனுக்குத் தெரியும், அண்ணன் சொன்னதில் தப்பே இல்லை. வெட்டு இல்லாத நாளில் முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அப்படி ஒரு நாளுக்காகக் காத்திருந்தால், வெட்டு வருகிற ஒவ்வொரு நாளும் அந்த முடிவு ஆட்டம் காணும். இது எதனால் வருகிறது என்று இப்போது தெரியும். தெரிந்த பிறகு அது ஒரு தொந்தரவு. தெரியாதபோது அது விதியாக இருந்தது. மோட்டார் ரூமில் உட்கார்ந்திருந்தவனுக்கு நாற்றும் வேண்டியிருக்கவில்லை, நாளையும் வேண்டியிருக்கவில்லை. இவனுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

“வெள்ளைத் தாளு குடு சுமா,” என்றான்.

தாளை அரிசி டப்பா மூடியின் மேல் வைத்து, தலையைத் தாழ்த்தாமல் தாளை உயர்த்திப் பிடித்து எழுதினான். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அதனதன் இடத்தில் போட்டான். பிறகு:

“மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் நாற்றுப் பண்ணையைக் குத்தகைக்குக் கேட்டுத் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பண்ணையைக் குத்தகைக்கு விடுவதாக இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்களுக்கு நாற்று தேவைப்பட்டால் முன்கூட்டியே சொன்னால் வளர்த்துத் தருவோம். தை மாதம் வரை பெரிய ஆர்டர் எடுக்க இயலாது. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, மா. கதிரவன்.”

சென்னப்பன் வாங்கி, உதட்டை அசைத்துப் படித்தார். “காரணம் எழுதலையேடா?”

“பண்ணையத்தானே கேட்டாங்க? என் தலையையா கேட்டாங்க?”

“பெரிய ஆர்டர் எடுக்க மாட்டியா? வெக்கமில்லாம எழுதியிருக்க?”

“முடியாது. முடியறப்ப எடுப்பேன். நீங்க வாரத்துல ரெண்டு நாளு வந்து தட்டு தூக்குனா சீக்கிரமே எடுப்பேன்.”

“பாத்தியாடி, என்னைக் கூலிக்கு வெச்சிக்கறான்,” என்றார் சென்னப்பன் மனைவியிடம்.

“அன்னிக்கு மதியம் வரைக்கும் தூக்கினதுக்கே ஒரு வாரம் இடுப்பு வலின்னீங்க. உங்களுக்குக் கூலி வேற குடுப்பாங்களா?” என்றாள் தீர்த்தம்மாள்.

கவரில் போட்டு ஒட்டப் பார்த்தால் கோந்து பாட்டில் கல்லாகியிருந்தது. சுமலதா அடுப்படிக்குப் போய், சட்டியில் சூடாக இருந்த ராகிக் களியில் ஒரு கிள்ளு எடுத்து வந்து கவரின் மடிப்பில் இழுத்துத் தடவினாள். “கம்பெனிக்காரன் நம்ம வூட்டு களிய நக்கிப் பாக்கப் போறான்,” என்றார் சென்னப்பன். “பாத்தா ஓசூரை விட்டுட்டு இங்கியே வந்துடுவான்,” என்றாள் சுமலதா. மடிப்பின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. கதிரவன் அதன் மேல் உள்ளங்கையை வைத்து, ஒட்டும்வரை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தான்.

சாப்பிட்டுவிட்டு அண்ணன் தம்பி இருவரும் அவ்வழியே வந்த தக்காளி வண்டி ஒன்றில் ஏறி மாரண்டஹள்ளிக்குப் போனார்கள். வழியெல்லாம் கதிரவன் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டு தடவை வெட்டியது. தபாலாபீஸ் கவுண்டரில் இருந்த பெண் கவரை வாங்கித் தராசில் வைத்தாள்.

“ஸ்பீட் போஸ்ட்டா? உள்ள என்னங்க?”

“லெட்டர்தாங்க.”

அவள் சீட்டை ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தி, கவரைப் பின்னால் இருந்த பைக்குள் போட்டாள்.